அடிசிலில் புதியன சேர்தல்

நாவின் இயல்பு புதியதை நாடுவது. எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும், நாள்தோறும் ஒரே குழம்பும் ஒரே பொரியலும் இலையில் விழுமாயின் ஏழாம் நாள் கை தானே தயங்கும். இதனை ஒழுக்கக் குறைவு என்று கொள்ள வேண்டுவதில்லை. சுவை துறத்தல் ஒரு தவம் என்று நம் நூல்கள் கூறுகின்றன. அதனை விரும்பி மேற்கொள்வோர் வணங்கத் தக்கவர். ஆயினும் முனிவர்க்கும் நோன்பாளர்க்கும் உரிய அத்தவத்தை ஆறு வயதுக் குழந்தையின் தட்டில் ஏற்றி வைப்பது முறையாகாது. மக்களோடு வாழும் இல்லறத்தார்க்கு, அறத்தின் எல்லைக்குள் நின்று புதிய காய், புதிய கனி, புதிய பானம், புதிய பக்குவம் ஆகியவற்றைத் தேடி அறிவது ஓர் எளிய இன்பமும் பயனுள்ள கல்வியும் ஆகும். அத்தேடலை எவ்வாறு நடத்துவது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இன்று நம் இல்லங்களில் நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரங்களில் பிறந்த குடும்பங்கள் பல, சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கப்பாலும் குடியேறிவிட்டன. பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர். வகுப்பில் அருகே அமர்ந்திருக்கும் தோழி தன் சிற்றுண்டிப் பெட்டியைத் திறக்கிறாள். அதில் கண்டதை நினைவில் வைத்திருந்து, "அது என்ன அம்மா, நமக்கு ஆகுமா?" என்று நம் குழந்தை மாலையில் கேட்கிறது. "ஆகாது" என்னும் ஒரு சொல்லே எப்போதும் விடையாக வருமானால், சில நாளில் அக்குழந்தை கேட்பதை விட்டுவிடும். உண்பதை விடாது. கேள்வி நின்றுபோன வீட்டில் உணவு நெறியும் ஒரு தலைமுறைக்குள் நின்றுபோவதைக் கண்டு வருகிறோம். ஆகவே இது நாவைப் பற்றிய சிறு செய்தி போலத் தோன்றினும், வழிவழியாக வந்த ஒழுக்கம் அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா என்னும் பெருஞ்செய்தி இதனுள் அடங்கியுள்ளது.

முதற்கண், "பழைய உணவு" என்று நாம் போற்றுவதில் எவ்வளவு பழையது என்று பார்ப்போம். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நம் சமயச் சான்றோர். மொழியில் பழைய வழக்குகள் சில மறைவதும் புதியவை சில நுழைவதும் காலத்தின் இயல்பு, அவை குற்றமாகா என்பது அவர் காட்டிய நெறி. சொல்லுக்கு அவர் தந்த அந்த இசைவு சோற்றுக்கும் பொருந்தும் என்பதற்கு நம் அடுக்களையே சான்று.

மிளகாயை எடுத்துக் கொள்வோம். அஃது அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய செடி. 1498-ல் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டையை அடைந்தபின், பதினாறாம் நூற்றாண்டில்தான் அவர்கள் வழியாக மிளகாய் இந்நாட்டுக்கு வந்தது. மிளகின் காரத்தைக் கொண்ட காய் ஆதலின் மிளகாய் என்று நம்மவர் பெயரிட்டுக் கொண்டனர். வந்த விருந்தினனுக்குத் தம் குடிப்பெயரையே சூட்டி உறவாக்கிக் கொண்டதைப் போன்றது இது. அதற்குமுன் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் சுக்குமே. இம்மூன்றின் பெயராலேயே திரிகடுகம் என்னும் நூல் வழங்குகிறது. கணிமேதாவியார் அருளிய ஏலாதியின் பெயரிலும் ஏலம் முதலாக ஆறு பொருள்கள் அடங்கும். இவ்விரண்டிலும் மிளகாய்க்கு இடமில்லை. தக்காளியும் இவ்வாறே. நம் வயல் வரப்பில் தானே முளைத்துக் கிடக்கும் சொடக்குத் தக்காளிக்கே முன்னர் அப்பெயர் உரியதாக இருந்தது. கடல் கடந்து வந்த சிவந்த பழம் அப்பெயரைத் தனதாக்கிக் கொண்டுவிட்டது. கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி, சீத்தா எல்லாம் அதே திசையிலிருந்து வந்தவையே.

நம் மண்ணுக்கு மிக அணுக்கமான சான்று மணிலாக்கொட்டை ஆகும். "மல்லாட்டை" என்று நம் சிற்றூர்களில் வழங்கும் இதன் பெயரிலேயே பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரம் மறைந்து நிற்கிறது. தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் பெருகிப் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டுக்கு ஏற்றுமதி ஆனது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும், அங்கு உருவான வகைகளுக்கு அவ்வூர்ப் பெயரைக் குறிக்கும் "டி.எம்.வி." என்னும் எழுத்துகள் வழங்குவதும் உழவர் அறிந்ததே. மல்லாட்டை இல்லாத நம் வட்டாரத்தை இன்று நினைத்துப் பார்க்க இயலுமா?

காப்பியின் வரலாறு இன்னும் வேடிக்கையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை உடலையும் குடும்பத்தையும் கெடுக்க வந்த பழக்கம் என்று தமிழ் ஏடுகள் சாடின. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்னும் நூலில் இதனைச் சுவைபட எடுத்துரைத்துள்ளார். அன்று சாடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பில்டர் காப்பியைத் தமிழர் பண்பாடு என்கின்றனர்.

எனவே புதியது என்பதற்காக ஒன்றை ஒதுக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. அதே வேளையில், வந்ததையெல்லாம் அவர்கள் வாரி அணைத்துக் கொள்ளவும் இல்லை. அவர்கள் கையில் ஒரு சல்லடை இருந்தது. உருளைக்கிழங்கும் மல்லாட்டையும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை. இரண்டும் மண்ணுக்குள் விளைபவை. எனினும் கிழங்கை நோன்புடைய இல்லங்கள் விலக்கின, கடலையை ஏற்றன. இதன் காரணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். கிழங்கு ஓருடம்பில் எண்ணிறந்த உயிர்களைத் தாங்கும் அனந்தகாயம் என்பது ஆகமக் கொள்கை. அதனைப் பெற வேண்டுமாயின் செடியை வேரோடு பறிக்க வேண்டும், மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் அழியும். கடலையோ வேரும் அன்று, கிழங்கும் அன்று. அதன் மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு ஊசி போல் கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் புகுந்து அதன் நுனியில் காய் பிடிக்கிறது. ஆகவே அது நாணி ஒளிந்துகொண்ட காய். கிழங்காகாமையின் நம் பெரியோர் அதனை ஏற்றனர். இதைச் சொன்னால் குழந்தைகள் கண்ணகலக் கேட்பர். மறுநாள் தோழிக்கும் சொல்வர். பச்சை இஞ்சியை விலக்கி உலர்ந்த சுக்கை ஏற்பதும், பச்சை மஞ்சளை விலக்கி உலர்ந்த மஞ்சளை ஏற்பதும் முளைக்கும் ஆற்றல் நீங்கிவிட்டது என்னும் கருத்துப் பற்றியே.

இனி, நெறிக்குள் நின்று புதியதைச் சமைப்பதற்கு நம் இலக்கியத்தில் உள்ள மிக அழகிய சான்றைக் காண்போம். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை துயரத்தின் வாயில் என்பதையே யாவரும் நினைவில் வைத்துள்ளோம். அதன் தொடக்கம் ஓர் அடுக்களைக் காட்சி என்பதை மறந்துவிடுகிறோம். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி நம் சமயத்தவள் அல்லள். ஆயினும் தன் வீட்டுக்கு வந்தவர்கள் சாவக நோன்பினர் என்பதை அறிந்து, அவர்கள் பகற்பொழுதில் உண்பதற்கேற்ற அடிசிலை ஆக்குவதற்குத் தூய கலங்களைத் தருமாறு தன்னவர்களிடம் கூறுகிறாள். அவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை எவை? பலாக்காய், வரிகளையுடைய வெள்ளரிக்காய், மாதுளையின் பசுங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி நெல்லின் அரிசி, தம் பசுக்கள் தந்த பால்வளம். இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குக. மண்ணுக்கு அடியில் விளைந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் கொம்பிலும் கொடியிலும் கதிரிலும் விளைந்தவை. கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்த அந்த ஆய்மகளின் பண்பு இன்றும் நமக்கு வியப்பளிக்கிறது.

புகாரில் மாடத்தில் வாழ்ந்த வணிகர் மகள் கண்ணகி. மதுரையில் ஆயர் வீட்டு அடுப்பு அவளுக்குப் புதியது, கலங்கள் புதியவை, துணைக்கு நின்ற ஐயையும் புதியவள். ஐயை தீ மூட்டித் தர, அரிவாள்மணையில் காய் அரிந்து விரல் சிவந்து, புகையில் கண் சிவந்து, முகம் வியர்த்துக் கண்ணகி அடிசில் ஆக்கினாள் என்று அடிகள் பாடுகின்றார். மாதுளையின் பசுங்காயை அவள் என்ன பக்குவம் செய்தாள் என்று நூல் கூறவில்லை. அதனை இன்று சமைப்பாரும் அரியர். பலாக்காயோ இன்று பெருவாழ்வு பெற்றுவிட்டது. நம் பக்கத்துப் பண்ணுருட்டியில் மலை போல் குவியும் பலா, மேலைநாடுகளில் காயாகவே டப்பாவில் அடைபட்டுப் புலாலுக்கு மாற்று என்று விலை போகிறது. மாதரி கொடுத்த காயை அமெரிக்கர் இன்று புதிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடுகின்றனர்.

கண்ணகியின் அடிசிலில் ஒரு குறிப்பு உள்ளது. எவை விலக்கு என்பது தெளிவாகத் தெரிந்த இடத்தில், எவை கிடைக்கின்றன என்னும் தேடல் கூர்மை பெறுகிறது. இவ்வுண்மையை நம் வடநாட்டுச் சமயத்தவர் சமையலில் நன்கு காணலாம். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக் காய்கறி உண்ணாத இல்லங்கள் அங்குப் பல. அந்நாள்களுக்குக் கடலைமாவைப் பிசைந்து உருட்டி வேகவைத்துத் துண்டாக்கிக் குழம்பில் இடும் "கட்டா" கைகொடுக்கிறது. அப்பளத்தையே காயாகக் கொண்ட குழம்பும் உண்டு. பாலைநிலத்தின் வறட்சி ஒருபுறமும் நோன்பு மறுபுறமும் நின்று இவற்றை வளர்த்தன. குஜராத்தியர் மெல்லியதாக இட்டு மொறுமொறுப்பாகச் சுட்டெடுக்கும் "காக்ரா" பயணத்துக்கு ஏற்ற உணவு. மும்பையில் தெருவோரக் கடைகளிலும் "ஜெயின் பாவ் பாஜி" கேட்டால் உருளைக்கிழங்குக்கு மாற்றாக வாழைக்காயை இட்டுத் தருகின்றனர். விமானப் பயணத்திலும் முன்கூட்டிப் பதிந்தால் ஜெயின் உணவு பெறலாம். கேட்பவர் பலராக இருந்தமையால் கிடைத்த வசதிகள் இவை. தமிழ்நாட்டு உணவகங்களில் நாம் கேட்கக் கூசுகிறோம் என்பதே நம் கருத்து. "வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் எது உண்டு?" என்று கேட்பதில் இழுக்கு எதுவும் இல்லை.

தீர்த்த யாத்திரையும் சுவைத் தேடலுக்கு நல்ல வாயில். சிரவணபெளகுளத்துக்கும் மூடபித்திரிக்கும் செல்லும் நம் குடும்பங்கள், கோமடேசுவரரின் படத்தோடு அவ்வூர் அடுக்களையின் ஒரு பக்குவத்தையும் கொண்டுவரலாம். கன்னடக் கடற்கரையிலும் மலைநாட்டிலும் வழங்கும் "தம்புளி" அத்தகையது. ஒரு கைப்பிடி வல்லாரைக் கீரையைச் சிறிது நெய்யில் வதக்கி, அரைமூடித் தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், எட்டுப் பத்து மிளகு ஆகியவற்றோடு அரைத்து, அன்றைய தயிரைக் கடைந்தெடுத்த மோரில் கலந்து உப்பிட்டால் தம்புளி ஆயிற்று. கடுகு தாளித்துச் சோற்றில் பிசைந்து உண்ணலாம், குவளையில் ஊற்றிப் பருகவும் செய்யலாம். மிளகாய் வருமுன் இருந்த காரம் எது என்று பிள்ளைகள் நாவால் அறிவதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை. இதில் பருப்பு எதுவும் சேர்வதில்லை. ஆதலின் காய்ச்சாத தயிரோடும் மோரோடும் இருபருப்புத் தானியம் கூடுதல் ஆகாது என்னும் துவிதள விலக்கைப் போற்றும் இல்லங்களுக்கும் இஃது ஏற்றது. மழைக்காலத்தில் கீரை விலக்கும் இல்லத்தார் அதனைக் கோடைக்கு வைத்துக்கொள்வர். கொங்கணத்துக் கோகம் பழத்தோலை நீரில் ஊறவைத்து வெல்லமும் சீரகப் பொடியும் கூட்டும் பானமும் கோடைக்கு இனிது. காய்ந்த தோல் கடைகளில் கிடைக்கிறது.

இனி அங்காடிக்கு வருவோம். இன்று பழக்கடைகளில் நம் பாட்டனார் காணாத கனிகள் பல உள்ளன. செந்நிறச் செதில்களோடு காணப்படும் டிராகன் பழம் நடு அமெரிக்காவின் கள்ளிச்செடியில் காய்ப்பது. இப்போது இந்தியாவிலும் பயிராகிறது. 2021-ல் குஜராத் மாநில அரசு அதற்குக் "கமலம்" என்று பெயர் சூட்டியதை அறிந்தபோது, மிளகாய்க்குப் பெயரிட்ட நம் முன்னோர் நினைவுக்கு வந்தனர். வெண்ணெய்ப்பழம் கொடைக்கானல் மலைச்சரிவிலும் ஏற்காட்டிலும் விளைகிறது. தனியே உண்டால் சப்பென்றிருக்கும். எலுமிச்சையும் உப்பும் மிளகும் சேர்த்து மசித்துச் சப்பாத்தியில் தடவினால் சிறுவர் விரும்புவர். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், சாமையும் வரகும் தினையும் பளபளக்கும் உறைகளில் புதிய பொருள் போல் வந்து நிற்கின்றன. நம் பாட்டிமார் சிரித்திருப்பர்.

பழத்திலும் தானியத்திலும் ஐயம் குறைவு. உறையிட்ட பண்டங்களில்தான் கண் வேண்டும். 2001 முதல் நம் நாட்டில் சைவ உணவு உறைகளில் பச்சைப் புள்ளி இடப்படுகிறது. இது பெரும் உதவி. ஆனால் அப்புள்ளி நம் நெறி முழுவதையும் காக்கும் என்று எண்ணுதல் கூடாது. அரசு விதியின்படி பாலும் தேனும் மெழுகும் அசைவத்தில் சேரா. ஆகவே தேன் கலந்த பண்டத்துக்கும் பச்சைப் புள்ளி உண்டு. தேனை மதுவோடும் புலாலோடும் ஒருங்கே வைத்து விலக்கியது நம் மரபு. வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகியவற்றின் பொடிகளுக்கும் அப்புள்ளி தடையன்று. எனவே புள்ளியைப் பார்த்தபின் உறையின் பின்புறத்தில் பொடியெழுத்தில் உள்ள சேர்பொருள்களையும் படிக்க வேண்டும். இப்பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைப்பது நலம். அவர்கள் கண்ணும் கூர்மையானது, கண்டுபிடிக்கும் ஆர்வமும் மிகுதி.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் இனிப்புகளில் பச்சைப் புள்ளி இராது. அங்குச் சில சொற்களை அறிந்திருத்தல் வேண்டும். ஜெலட்டின் என்பது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. 120 என்னும் எண்ணால் குறிக்கப்படும் கார்மைன் சிவப்பு ஒருவகைப் பூச்சியிலிருந்து பெறப்படுவது. பாலாடைக்கட்டியை உறையவைக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித்தாளை விலங்குத் தோலிடையே வைத்து அடிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2016-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதனைத் தடை செய்தது.

பருப்பு வகைக் கடைகளில் மாலையாகக் கோத்துத் தொங்கும் உலர் அத்திப்பழத்தைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பழங்களைச் சிராவகர் விலக்குவது, அவற்றுள் சிற்றுயிர்கள் உறைவதால். இன்றைய தாவர நூலும் இதனை வழிமொழிகிறது. அத்தியின் பூக்கள் பழத்தின் உட்புறத்தில் உள்ளன, மிகச் சிறிய குளவி உள்ளே புகுந்தே அவற்றில் மகரந்தம் சேர்க்கிறது. குளவியின்றிக் காய்க்கும் வகைகளும் தோட்டங்களில் உண்டு. ஆயினும் ஸ்மிர்னா என்னும் புகழ்பெற்ற வகைக்குக் குளவி கட்டாயம் வேண்டும். கடையில் தொங்கும் மாலை எவ்வகை என்று யார் கூறுவார்? பேரீச்சையும் உலர் திராட்சையும் இருக்க, இதனை விட்டுவிடுவதால் ஓர் இழப்பும் இல்லை.

இன்னொன்று. சோயாவையும் பட்டாணியையும் கொண்டு புலாலின் உருவும் மணமும் கடிக்கும் பதமும் வருமாறு செய்த பண்டங்கள் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. சேர்பொருள் யாவும் தாவரம், புள்ளியும் பச்சை. "இதில் என்ன தவறு?" என்று நம் இளைஞர் கேட்பர். அவர்களுக்கு யசோதர காவியத்தைச் சொல்ல வேண்டும். அசோதரன் உயிர்ப்பலிக்கு அஞ்சியவன். தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழி ஒன்றைத் தேவிக்குப் பலியிட்டான். வெட்டுண்டது மாவே. எனினும் கொல்லும் எண்ணம் உள்ளத்தில் புகுந்தமையால் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பின்னும் பல பிறவிகளில் உழன்றனர் என்பது காவியம். புலாலை விட முயலும் பிற மக்களுக்கு இப்பண்டங்கள் ஒரு படியாக உதவுமாயின் மகிழ்ச்சியே. பிறவியிலேயே அதனை அறியாத நம் குழந்தையின் நாவுக்கு அச்சுவையைக் கற்பிப்பது தேவையற்றது என்பது எம் துணிபு. சோயாவைச் சோயாவாகவே சமைக்கலாமே.

உணவைப் போலவே பொழுதும் நம் நெறியில் ஒரு பகுதி. சென்னையில் நவம்பர் இறுதியில் மாலை 5.40 மணியை ஒட்டிக் கதிரவன் மறைகிறான், சூலைத் தொடக்கத்தில் 6.40 ஆகிறது. அதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னரே உண்டு முடிப்போரும் உளர். அலுவலகம் செல்வோர்க்கு இது கடினம் என்பதை அறிவோம். புதிய உணவகங்களுக்குச் செல்லும் வழக்கமும் இரவிலேயே அமைந்துவிட்டது. இதற்கு நாம் காணும் வழி இரண்டு. விடுமுறை நாளில் நண்பகலில் வெளியே உண்பது ஒன்று. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலேயே உண்ணத்தக்க இரண்டாம் பெட்டியைக் காலையில் கட்டிக் கொடுப்பது மற்றொன்று. நண்பகல் பெட்டியில் சோறு இருப்பின், மாலைப் பெட்டியில் ஆறினாலும் சுவை குன்றாத புதுப் பண்டம் ஒன்று இருத்தல் வேண்டும். இல்லையேல் அப்பெட்டி திறவாமலே வீடு திரும்பும்.

அதற்கென ஒரு பக்குவத்தை இங்கு விரித்துக் கூறுகிறோம். மசாலா தோசையைக் கண்டு ஏங்காத பிள்ளை இல்லை. அதில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் உள்ளன, மாவும் புளித்தது. ஆந்திரத்துப் பெசரட்டையும் மும்பையார் கண்ட வாழைக்காயையும் இணைத்தால் அவ்வேக்கம் தீரும்.

நால்வர்க்கு இரண்டு ஆழாக்கு முழுப் பச்சைப் பயறும் ஒரு கைப்பிடி அரிசியும் போதும். கல்லும் வண்டும் நீக்கிக் கழுவி, முதல்நாள் இரவு ஊறவைக்காமல் விடியலில் ஆறு மணி நேரத்துக்கு மிகாமல் ஊறவைக்க வேண்டும். முளை எட்டிப் பார்க்க விடலாகாது, முளைகட்டிய பயறு நமக்கு விலக்கு. மூன்று பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, உப்பு சேர்த்து அரைத்து உடனே வார்க்கலாம். புளிக்க வைப்பது என்னும் பேச்சே இதில் இல்லை.

மூன்று மொந்தன் வாழைக்காய்களைத் தோலோடு இரண்டாக நறுக்கி, தோல் கறுக்கும் வரை வேகவைத்து உரித்து, ஒன்றிரண்டாக மசிக்கவும். கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துப் பெருங்காயத்தைச் சற்றுத் தாராளமாகவே இடவும். வெங்காயம் இல்லாத குறையைப் பெரிதும் நிரப்புவது இதுவே. ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் நெடுங்காலமாக நாம் வாங்கிவரும் பொருள் இது. 2020-ல்தான் இமாசலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் இதனைப் பயிரிடும் முயற்சி தொடங்கியது. பொடியாக நறுக்கிய பெங்களூர்க் கத்திரிக்காய் ஒன்றை வதக்கினால் வெங்காயத்தின் நறுக்கென்ற பதம் கிடைக்கும். பெயரில் பெங்களூர் இருப்பினும் அதன் தாயகம் மெக்சிகோ. மஞ்சள்தூள், உப்பு, அரைக் குவளை நீர், ஒரு தேக்கரண்டி கடலைமாவுக் கரைசல் ஊற்றிக் கொதித்ததும் வாழைக்காயைப் போட்டுக் கிளறி இறக்கி, எலுமிச்சை பிழியவும். மெல்லியதாக வார்த்த பெசரட்டின் நடுவே வைத்து மடித்தால் வேலை முடிந்தது. தேங்காய்த் துவையல் இதற்குப் பொருந்தும். பயறு ஆதலின் தயிர்ப்பச்சடி வைத்தல் ஆகாது.

பெட்டியில் வைக்கும்போது நன்கு ஆறியபின் வாழையிலைத் துண்டில் சுற்றி வைத்தால் வேர்த்துக் குழையாது. மாவு மீந்தால் மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டா. அன்று பகலிலேயே வார்த்து, பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் அழைத்துக் கொடுத்துவிடலாம்.